கார்செட் தைக்கும் ஸ்டுடியோவில் மூன்று மாதப் பயிற்சி: சம்பளம் இல்லை, போகலாமா?

கறுப்புநூல் (தாராவி) கேட்கிறார்:

வணக்கம். நான் மும்பையில் ஃபேஷன் டிசைன் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வீடு தாராவியில், 90 அடி சாலைக்கு உள்ளே. சொந்த ஊர் நாங்குநேரிப் பக்கம், ஆனால் பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான். கல்லூரி விதிப்படி இந்த ஆண்டு பன்னிரண்டு வாரம் வெளியில் பயிற்சி எடுக்க வேண்டும். எங்கே போகிறேன் என்று அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இரண்டு இடங்களில் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒன்று அந்தேரியில் ஓர் ஏற்றுமதி நிறுவனம். மாதம் 8,000 ரூபாய் தருவார்கள். வாங்குபவர்கள் அனுப்பும் அளவுப் பட்டியலைக் கணினியில் ஏற்றுவதும், எந்த மாதிரி உடை எந்த இடத்தில் நிற்கிறது என்று தொலைபேசியில் விசாரிப்பதும்தான் வேலை. இன்னொன்று பைகுல்லாவில், ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கும் ஸ்டுடியோ. வடிவமைப்பாளர் ஒரு பெண். அவரோடு ஒரு மாஸ்டரும் இரண்டு தையல்காரர்களும் இருக்கிறார்கள். கோத் என்ற கறுப்பு மயமான பாணியில் உடைகள் செய்கிறார்: கார்செட் (உள்ளே எலும்பு எனப்படும் விறைப்பான பட்டைகள் வைத்து, கயிற்றால் இடுப்பை இறுக்கிக் கட்டும் உடை), தோல் வார்களைக் கோத்துச் செய்யும் ஹார்னஸ், கறுப்பு லேஸ் வைத்த நீளக் கோட்டு. மெட்டல் இசைக்குழுக்களில் பாடுகிறவர்களும், இணையத்தில் தேடிப் பிடித்து வருகிறவர்களும் வாங்குகிறார்கள். சம்பளம் கிடையாது. ரயில் பாஸும் மதியச் சாப்பாடும் தருவதாகச் சொன்னார்.

நேர்காணலுக்குப் போனபோது சுவரில் ஒரு கோட்டு தொங்கியது. கழித்துப் போட்ட வக்கீல் அங்கிகள் நான்கைப் பிரித்துச் செய்தது. அங்கியின் முதுகில் நெருக்கமாகச் சுருக்கம் பிடித்திருப்பார்கள் இல்லையா, அந்தச் சுருக்கம் அப்படியே கோட்டின் தோளுக்கு வந்திருந்தது. அனுமதி கேட்டு உள்பக்கம் புரட்டிப் பார்த்தேன். ஒரு பிசிறுகூட இல்லை. எல்லாத் தையலையும் பட்டி வைத்து மூடியிருந்தார்கள். இரண்டு நாளாக அந்தத் தோள்தான் கண்ணுக்குள் நிற்கிறது.

அப்பா 22 வருடமாகச் சட்டைக் காலர் தைக்கிறார், பீஸ் கணக்கில். அவர் கோபப்படவில்லை. கைபேசியில் கார்செட் படத்தைக் காட்டியபோது பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இந்த எலும்பு எதில் செய்தது?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "மூன்று மாதம் கையில் காசு இல்லாமல் எப்படியம்மா சமாளிப்பாய்?" என்றார். அம்மாவுக்குக் கறுப்பு என்றாலே மனம் ஒப்பவில்லை. வயதுக்கு வந்த பெண் நாள் முழுக்கக் கறுப்புத் துணியை வெட்டிக்கொண்டு இருப்பதா என்கிறார். தம்பி பத்தாம் வகுப்பு. அவனுடைய டியூஷன் பணம் நான் சனி, ஞாயிறுகளில் புடவைக்கு ஃபால்ஸ் தைத்தும் பிளவுசுக்குக் கொக்கி வைத்தும் சம்பாதிப்பதில்தான் போகிறது.

இப்படிப்பட்ட சிறிய ஸ்டுடியோவில் உண்மையிலேயே கற்றுக்கொள்ள முடியுமா, இல்லை டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் பார்சல் கட்டுவதோடு முடிந்துவிடுமா? பிறகு வேலை தேடும்போது, "ஏற்றுமதி அனுபவம் இல்லையா?" என்று ஒதுக்கிவிடுவார்களா? சேர்வதற்கு முன் அவரிடம் என்னவெல்லாம் கேட்க வேண்டும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

தரக்கட்டுப்பாடு (முலுண்ட்):

நான் 17 வருடமாக ஏற்றுமதித் துறையில் இருக்கிறேன். என் கருத்து நேரடியானது: அந்தேரிக்குப் போங்கள். ஓர் உடையின் ஒவ்வோர் அளவும் எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்று எழுதிவைத்து வேலை செய்யும் ஒழுங்கு நிறுவனத்தில்தான் வரும். ஏகியூஎல் 2.5 (பழுதுக்கு ஏற்கத்தக்க வரம்பு) என்றால் என்ன, ஒரு லாட்டில் எத்தனை உருப்படியை எடுத்துப் பார்ப்பது, எத்தனை பழுதுக்கு மேல் போனால் லாட்டையே திருப்புவது என்பதெல்லாம் சிறிய ஸ்டுடியோவில் தெரிய வராது. வீட்டில் பண நெருக்கடி இருக்கும்போது 24,000 ரூபாயை விட்டுவிட்டுப் போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்குப் பிடித்த உடைகளை நிலையான வேலை கிடைத்த பிறகும் செய்யலாம்.

பேட்டர்ன் காகிதம் (மாட்டுங்கா):

தங்கை, நான் இரண்டு ஸ்டுடியோக்களில் இன்டர்னாக இருந்தவள். முதலாவதில் ஐந்து மாதம் வீணாய்ப் போனது. இரண்டாவதில் கற்றதை வைத்துத்தான் இன்று வரை சாப்பிடுகிறேன். நடனக் குழுக்களுக்கும் நாடகங்களுக்கும் உடை வெட்டிக் கொடுப்பது என் தொழில். அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவில் இருந்த வேறுபாட்டை நான் வெகுநாள் யோசித்திருக்கிறேன். வெட்டத் தெரிந்த கை யாருடையது, அந்தக் கைக்குப் பக்கத்தில் எனக்கு நிற்க இடம் கிடைத்ததா என்பதில் எல்லாம் அடங்கிவிட்டது.

முதல் இடத்தின் பெயரைச் சொல்லவில்லை. அந்த அம்மையார் அழகாக வரைவார். கிழிந்த ஓரம், வெளியே தெரியும் தையல், ஒரு கை நீளம் ஒரு கை குட்டை என்று அவர் வரைந்த காகிதங்களைப் பார்த்தே நான் மயங்கிப் போனேன். வெட்டும் வேலை முழுக்க வேறோர் இடத்தில், ஒரு மாஸ்டரிடம் நடந்தது. நான் வாரம் இரண்டு முறை புலேஷ்வர் போய்க் கொக்கி, ஜிப், ரிவெட் வாங்கி வந்தேன். பார்சல் கட்டினேன். வாடிக்கையாளர்களின் செய்திகளுக்குப் பதில் எழுதினேன். புகைப்படம் எடுக்கும் நாளில் மாடலின் காலணியைத் துடைத்தேன். ஐந்து மாதத்தில் ஒரு முறைகூடக் கத்தரியை எடுக்கவில்லை. அந்த மாஸ்டரிடம் என்னை அனுப்புங்கள் என்று கேட்கவாவது செய்திருக்கலாம். படித்த பெண் வடிவமைப்பாளருக்குப் பக்கத்தில்தான் உட்கார வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானே நினைத்துக்கொண்டேன். அந்தத் தவறு என்னுடையது.

இரண்டாவது இடத்தில் முதல் நாளே ஒரு பழைய கோட்டையும் தையல் பிரிக்கும் ஊசியையும் கையில் கொடுத்து, "பிரி, ஒவ்வொரு துண்டையும் காகிதத்தில் வரை, திரும்பத் தை" என்றார்கள். ஒன்பது நாள் ஆயிற்று. கை மாற்றித் தைத்துவிட்டேன், கழுத்து சுருங்கிவிட்டது. ஆனால் கையின் மேல்வளைவு ஏன் கைக்குழி வளைவைவிட நீளமாக இருக்கிறது என்று அந்த ஒன்பது நாளில்தான் புரிந்தது. கல்லூரியில் இரண்டு வருடம் அதே வரைபடத்தைப் பார்த்து எழுதியிருக்கிறேன், புரிந்ததில்லை.

ஆகவே நீ மறுபடியும் பைகுல்லாவுக்குப் போ. "டாய்ல் பார்க்கலாமா?" என்று கேள். நல்ல துணியை வெட்டுவதற்கு முன் காடா துணியில் ஒரு முறை தைத்துப் போட்டுப் பார்ப்பார்கள் அல்லவா, அதைத்தான் சொல்கிறேன். தானே வெட்டுகிறவரிடம் அது இருக்கும். பென்சில் கோடும், குண்டூசி ஓட்டையும், வெட்டி ஒட்டிய துண்டுமாக அழுக்காக இருக்கும். அப்படிப்பட்ட மூட்டை ஒன்றை எடுத்துக் காட்டினால் நம்பிப் போகலாம். காட்ட எதுவும் இல்லையென்றால், வெட்டுவது மாஸ்டர். அப்போதும் போகலாம், ஆனால் வாரத்தில் இத்தனை நாள் மாஸ்டரின் மேசையில் நிற்பேன் என்று பேசிவிட்டுப் போ.

மேலே முலுண்ட் அண்ணன் சொன்னதில் ஒன்றை நான் ஏற்கவில்லை. அளவு ஒழுங்கு நிறுவனத்தில்தான் வரும் என்கிறார். கார்செட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு துண்டு, பக்கத்துக்கு ஆறு. முன்பக்கமும் முதுகும் திறந்திருப்பதால் பக்கத்துக்கு ஐந்து தையல், மொத்தம் பத்து. ஒவ்வொரு தையலும் ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, உள்ளே தள்ளிப் போனால் இரண்டு துண்டிலும் சேர்த்துக் கால் அங்குலம் போயிற்று. பத்துத் தையலுக்கு இரண்டரை அங்குலம். 26 அங்குல இடுப்புக்கு வெட்டியது 23½ ஆகிவிடும், அணிகிறவருக்கு மூச்சு முட்டும். ஒரு தளர்வான சட்டையில் அந்த ஒரு நூல் யாருக்கும் தெரியாது. கார்செட் அதை மன்னிக்காது.

தங்கை, இதைச் சொல்லும்போது உன் அப்பாவைத்தான் நினைக்கிறேன். 22 வருடம் காலர் தைத்தவர். காலரின் இரண்டு முனையும் ஒரு நூல் பிசகினாலும் பட்டன் போட்டதும் தெரிந்துவிடும். உள்ளே ஒட்டுத்துணி வைத்து, வளைவில் வெட்டு கொடுத்து, முனையைக் குத்தித் திருப்புவது எப்படி என்று அவரிடம் கற்றுக்கொண்டுவிட்டுப் போ. கார்செட்டின் மேல்விளிம்பு வளைவும் அதே வேலைதான். படத்தைப் பார்த்ததும் எலும்பு எதில் செய்தது என்று கேட்டவருக்கு இந்த உடை புரியும்.

அந்த எலும்பு எஃகு. முற்காலத்தில் ஐரோப்பாவில் திமிங்கிலத்தின் வாயில் இருக்கும் பலீன் தகடுகளை வைத்தார்கள், அந்தப் பெயர்தான் ஒட்டிக்கொண்டது. இப்போது இரண்டு வகை. சுருள் எஃகு நான்கு பக்கமும் வளையும், அதனால் இடுப்பு வளைவில் வைப்பார்கள். தட்டை எஃகு முதுகில், கயிறு கோக்கும் ஐலெட் (வளையம் பதித்த துளை) வரிசையின் இரு பக்கமும் போகும். அது இல்லாவிட்டால் கயிற்றை இழுக்கும்போது துணி சுருண்டுவிடும். ஐலெட்டுக்குத் துளை போடும்போது துணியை வெட்டக் கூடாது, குத்தூசியால் இழைகளை விலக்க வேண்டும். வெட்டினால் இரண்டாம் முறை கட்டும்போதே பிய்ந்து கையோடு வரும். உள்ளே இடுப்புக் கோட்டில் ஒரு பருத்தி நாடா ஓட வேண்டும், இழுவிசையைத் தாங்குவது அதுதான். விலை மலிவான கார்செட்டைப் பிரித்துப் பார், நாடாவும் இருக்காது, எஃகுக்குப் பதில் பிளாஸ்டிக் இருக்கும். இதற்கென்றே நெருக்கமாக நெய்யும் கூட்டில் என்ற பருத்தித் துணி நம் கடைகளில் எனக்குக் கிடைத்ததில்லை. நான் மங்கள்தாஸ் மார்க்கெட்டில் கெட்டியான டிரில் துணியைக் கையால் குறுக்கில் இழுத்துப் பார்த்து, நீளாததைத்தான் வாங்குவேன்.

பிரிட்டிஷ் ஆடை வடிவமைப்பாளர் அலெக்ஸாண்டர் மக்வீன் 16 வயதில் பள்ளியை விட்டு லண்டன் சவில் ரோவில் ஆண்டர்சன் அண்ட் ஷெப்பர்ட் தையல் கடையில் பயிற்சிக்குச் சேர்ந்தவர். அங்கே கோட்டு தைக்கக் கற்றார், பிறகு நாடக உடை செய்யும் ஒரு நிறுவனத்தில் பழைய காலத்து வெட்டு முறைகளைக் கற்றார். உலகமே திடுக்கிட்டுப் பார்த்த உடைகளை அதற்குப் பிறகுதான் செய்தார். வழக்கத்தை உடைக்கும் உடை செய்கிறவர்களுக்கு வழக்கமான தையல் மற்றவர்களைவிட நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நீ பார்த்த அந்த வக்கீல் அங்கிக் கோட்டின் உள்பக்கமும் அதைத்தான் காட்டுகிறது. வெளிப்பக்கத்தைப் பார்த்து மயங்கியிருந்தால் எச்சரித்திருப்பேன். நீ புரட்டிப் பார்த்தாய், அது எனக்கு மிகவும் பிடித்தது.

பணத்தைப் பற்றி: கூச்சப்படாமல் கேள். வாரம் ஆறு நாள் இலவசமாக வேலை செய்யாதே. நான்கு நாள் வருகிறேன், ரயில் பாஸோடு மாதம் ஒரு தொகை வேண்டும் என்று சொல். நான்கு வாரம் கழித்து உட்கார்ந்து பேசலாம் என்றும் சொல். மறுத்தால் மறுக்கட்டும். அவர் எந்தக் குரலில் மறுக்கிறார் என்பதிலேயே உனக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

தோல்பட்டறை (தாராவி):

அம்மா, நான் 1979-இல் திருநெல்வேலியில் இருந்து வந்தவன். சயான் போகும் சாலைப் பக்கம் பட்டறை. பை, பெல்ட், இப்போது பிள்ளைகள் கேட்கும் இந்த ஹார்னஸும் செய்து கொடுக்கிறோம். முதலில் இப்படி வாரை உடம்பில் மாட்டிக்கொள்வார்களா என்று எனக்கு ஒப்பவில்லை. வாங்க வந்த பையன் ஒருவன் தோலைத் தொட்டுப் பார்த்து, எந்தப் பக்கத்து வெட்டு என்று கேட்டான். அன்றிலிருந்து மதிப்பு வந்துவிட்டது.

உன் படிப்புக்கு உதவும் என்பதால் சொல்கிறேன். வார் வெட்டும்போது முதுகெலும்பு ஓடும் திசையில், நீளவாக்கில் வெட்ட வேண்டும். வயிற்றுப் பக்கத் தோல் இழுவையாக இருக்கும், ஒரே மாதத்தில் தொங்கிவிடும். ஹார்னஸுக்கு மூன்று மில்லிமீட்டர் தடிமன் இருக்கட்டும். மடித்துத் தைக்கும் இடத்தில் மட்டும் சீவி மெலிதாக்கு. இயந்திரத் தையலில் ஓர் இழை அறுந்தால் பக்கத்துத் தையலும் பிரியத் தொடங்கும். இரண்டு ஊசியால் இரு பக்கமும் மாற்றி மாற்றிக் கையால் தைத்தால் ஒன்று அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். இரும்பு ரிவெட் மலிவு, ஆனால் வியர்வையில் துருப் பிடித்துத் தோலில் கறை ஏற்றும். பித்தளை வாங்கு.

குரோம் போட்டுப் பதனிட்ட தோல் மென்மையாக இருக்கும், ஜாக்கெட்டுக்கு நல்லது. வாருக்கு மரப்பட்டையில் பதனிட்டதுதான் நிற்கும். நம் பக்கத்தில் அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையில் பதனிட்டார்கள், திண்டுக்கல்லில் இருந்து வந்த அந்தத் தோலின் வாசனை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. 2015-இல் மகாராஷ்டிரத்தில் எருதுகளை வெட்டவும் தடை வந்த பிறகு எங்கள் பட்டறையில் எருமைத் தோல்தான் அதிகம். அது முரடு, ஆனால் வாருக்கு உழைக்கும்.

உன் வடிவமைப்பாளருக்குத் தமிழ் தெரியுமோ தெரியாதோ, உனக்குத் தெரியும். இந்தத் தெருவில் தோல் தெரிந்த கைகளில் எத்தனையோ நம் ஊர்க் கைகள். மதியம் மூன்று மணிக்கு மேல் வேலை குறைவாக இருக்கும், அப்பாவையும் அழைத்துக்கொண்டு வா. வெட்டுத்துண்டுகள் தருகிறேன், சீவிப் பழகு. அதற்குக் காசு வேண்டாம்.

கைத்தறிக் கோட்டு (செம்பூர்):

நானும் தனியாகச் சிறிய ஸ்டுடியோ நடத்துகிறேன், என்னிடமும் இன்டர்ன்கள் வருகிறார்கள். மறுபக்கத்தில் இருந்து சில சொல்ல வேண்டும்.

எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய சம்பளம் கொடுக்க முடியாது என்பது உண்மை. ஒரு கார்செட்டுக்கு இரண்டு மூன்று நாள் உழைப்பு போகிறது, முன்பணம் வாங்கித்தான் துணி எடுக்கிறோம். ஆனால் அதைக் காரணமாக வைத்து ஒன்றுமே கொடுக்காமல் இருப்பது நியாயம் இல்லை. முதல் இரண்டு ஆண்டுகள் நானும் அப்படித்தான் செய்தேன். ஒரு பெண் மதியச் சாப்பாட்டை இரண்டாகப் பிரித்து மாலைக்கு வைத்துக்கொள்வதைப் பார்த்த பிறகு நிறுத்தினேன். இப்போது தொகை சிறியதென்றாலும் முதல் தேதியில் கொடுத்துவிடுகிறேன்.

1961-ஆம் ஆண்டு அப்ரன்டிஸ் சட்டம் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். பயிற்சியாளர்களை எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் 30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களுக்குத்தான். நான்கு பேர் இருக்கும் ஸ்டுடியோ அந்தக் கட்டாயத்துக்குள் வராது. ஆகவே சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடாமல் நீங்களே எழுதி வாங்க வேண்டும். ஒரு பக்கம் போதும். தொடங்கும் நாள், முடியும் நாள், வாரத்தில் எத்தனை நாள், எத்தனை மணி வரை, என்ன தொகை, என்ன கற்றுக்கொடுப்பார், முடிவில் சான்றிதழ் உண்டா என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

அதில் மறக்காமல் சேர்க்க வேண்டியது உங்கள் போர்ட்ஃபோலியோ, அதாவது வேலை தேடும்போது காட்டும் உங்கள் வேலைத் தொகுப்பு. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, வேலைக்காரராகவோ பயிற்சியாளராகவோ ஒப்பந்தத்தில் இருக்கும்போது செய்த படைப்புக்கு, வேறு உடன்பாடு இல்லையென்றால் முதல் உரிமையாளர் வேலை கொடுத்தவரே. அங்கே நீங்கள் வரைந்ததையும் வெட்டியதையும் படம் எடுத்து, "இதில் என் பங்கு இது" என்று குறிப்பிட்டுக் காட்டலாம் என ஒரு வரி எழுதி வாங்குங்கள். அவர் இன்னும் விற்பனைக்கு விடாத உடைகளின் படத்தை நீங்கள் வெளியிடக் கூடாது என்பதும் அதே வரியில் இருக்கட்டும், அது அவருக்கு நியாயம்.

இன்னொன்று, பெற்றோர் கேட்கத் தயங்கும் விஷயம். சிறிய இடம், மூன்றாம் மாடி, கண்காட்சிக்கு முன் இரவு வேலை நீளும். பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பயிற்சியாளர்களுக்கும் பொருந்தும். பத்துப் பேருக்குக் குறைவான இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்காது, அப்போது மாவட்ட அளவில் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் புகார் கொடுக்கலாம். எட்டு மணிக்கு மேல் இருக்க மாட்டேன் என்று முதல் நாளே சொல்லுங்கள். நல்ல வடிவமைப்பாளர் அதற்காக உங்களைக் குறைவாக நினைக்க மாட்டார்.

கறுப்புநூல் (தாராவி):

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று மறுபடியும் பைகுல்லா போய் வந்தேன். அக்கா சொன்னபடி டாய்ல் பார்க்கலாமா என்று கேட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் ஸ்டூல் போட்டு ஏறி, பரண் மேலிருந்து ஒரு மூட்டையை இறக்கினார். பத்துப் பதினைந்து காடா துணிக் கார்செட்டுகள். ஒன்றில் மார்புக்குக் கீழே ஒரே இடத்தை ஐந்து முறை வெட்டி ஒட்டியிருந்தார். ஒவ்வோர் ஒட்டின் மேலும் பென்சிலில் தேதி. வக்கீல் அங்கிக் கோட்டுக்கும் மூன்று டாய்ல் இருந்தன. சுருக்கத்தைத் தோளுக்குக் கொண்டுவரும் யோசனை மாஸ்டருடையது என்று அவரே சொன்னார். மாஸ்டர் உத்தரப் பிரதேசத்துக்காரர், என் இந்தி அவருக்குப் போதும் என்றார்.

பணத்தைப் பற்றிப் பேசும்போது குரல் நடுங்கியது. ஆனாலும் கேட்டுவிட்டேன். வாரம் நான்கு நாள், மாதம் 4,000 ரூபாய், பாஸ் தனி. எட்டு மணிக்கு மேல் கிடையாது. போர்ட்ஃபோலியோ வரியையும் எழுதினோம். விற்பனைக்கு வராத உடைகளைப் பற்றிய பாதியை அவரே சொல்லி எழுதச் சொன்னார். 8,000 இல்லை என்பது உண்மைதான். ஆனால் வெள்ளிக்கிழமையும் சனி, ஞாயிறும் எனக்குக் கிடைக்கின்றன, ஃபால்ஸ் வேலையை விட வேண்டியதில்லை. தம்பியின் டியூஷன் நிற்காது. முலுண்ட் அண்ணன், நீங்கள் அக்கறையோடுதான் சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியும். அளவுப் பட்டியல் எழுதும் முறையை உங்களிடம் பிறகு கட்டாயம் கேட்பேன்.

அம்மா இன்னும் முழுதாகச் சம்மதிக்கவில்லை. நல்ல நாளில் தொடங்கு, முதல் துணி மட்டும் கறுப்பாக இருக்க வேண்டாம் என்றார். முதலில் வெட்டுவது காடா துணிதானே என்று சொன்னேன், சரி என்றார்.

நேற்று இரவு அப்பாவோடு உட்கார்ந்து காலர் முனை திருப்பினேன். பதினொன்றில் நான்கு தேறியது. அவருக்கு ஒரு சந்தேகம், இங்கே கேட்கச் சொன்னார். எஃகு எலும்பை வெட்டினால் முனை கூர்மையாக இருக்குமே, அது துணியைக் குத்திக்கொண்டு வெளியே வராதா? மழைக்காலத்தில் அந்த வெட்டுமுனையில் துருவும் ஏறுமே, அதற்கு என்ன செய்கிறார்கள்?

பேட்டர்ன் காகிதம் (மாட்டுங்கா):

அப்பா சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். முதலில் அரத்தால் முனையை வட்டமாக ராவ வேண்டும். சுருள் எஃகு என்றால் அதற்கென்று உலோகத் தொப்பி விற்கிறார்கள், இடுக்கியால் அழுத்தி மாட்டலாம். தட்டை எஃகுக்கு நான் குழாய்க்காரர்கள் இணைப்பில் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பை நான்கைந்து சுற்று இறுக்கிச் சுற்றுவேன். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். எலும்பு போகும் குழலைவிட எலும்பைக் கால் அங்குலம் குட்டையாக வெட்டுங்கள், உட்கார்ந்து எழும்போது முனை விளிம்பை இடிக்காது. குழலுக்குள் ஈரம் இருக்கக் கூடாது, ஜூன் வந்துவிட்டால் தைப்பதற்கு முன் துணியை ஒரு முறை சூடாகத் தேய்த்துவிடுங்கள்.

தோல்பட்டறை (தாராவி):

அரம் என்னிடம் இருக்கிறது. வரும்போது எஃகையும் கொண்டு வா, அம்மா.